யானைமலையும் பழ ஈயும்

மதுரைக்கு வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை என்று ஒரு ஜாபிதா உண்டு. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர்த் தெப்பக்குளம், அழகர் கோயில் என்று அது நீண்டுகொண்டே போகும். அந்த ஜாபிதாவில் இடம் பெறாத ஒரு பிராணியைப் பார்ப்பதற்கென்றே இந்தக் கோடை விடுமுறையில் நாம் மதுரையைச் சுற்றி ஒரு நாள் பிரயாணம் செய்தோம். அந்தப் பிராணி சிங்கமும் அல்ல, புலியும் அல்ல, ஓர் ஈ.

"ஈயைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்கள் வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறதே!" என்று நேயர்கள் கேட்கலாம். நாம் சொல்வது வீட்டு ஈ அல்ல, பழ ஈ. வீட்டு ஈ நாம் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வந்து தொந்தரவு செய்கிறது. பழ ஈயோ, பழம் மரத்தில் இருக்கும்போதே வந்து தன் சந்ததிக்கு வேண்டிய பங்கை ஒதுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதுதான் குடியானவனுக்கு. அதிலும் மிச்சம் இருப்பதுதான் நமக்கு.

இந்த ஈயை அதன் வம்ச வித்தைக்கொண்டே அடக்கும் வழிகளை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். நம் மதுரைச் சீமைக்கு அவை பயன்படுமா, பயன்பட வேண்டுமானால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று நேரில் பார்த்து யோசிப்பதே நம் பிரயாணத்தின் நோக்கம். நம் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அவர் வந்திராவிட்டால் நாம் பார்த்தவற்றில் பாதி நமக்கு விளங்கியிராது.

மாட்டுத்தாவணியில்

விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பழச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயரைக் கேட்டு மாடுகளைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இப்போது அங்கே பஸ்களும் லாரிகளும் பழக் கூடைகளுந்தான். நத்தத்திலிருந்தும் அழகர்மலைப் பக்கத்திலிருந்தும் வந்த கல்லாமையும் செந்தூரமும் வைக்கோல் மெத்தையில் படுத்திருந்தன. ஒரு மூதாட்டியின் கடையில், நல்ல பழங்களுக்கு அப்பால் ஒரு கூடைப் பழம் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு அவையும் நல்ல பழங்களாகவே தோன்றின. ஒன்றைக் கையில் எடுத்தோம்.

"அது வேணாங்கய்யா, கீழ வச்சுருங்க. குத்துப்பட்ட பழம். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள பூராவும் புழு" என்றாள் மூதாட்டி.

"வண்டு அடித்ததோ?" என்று கேட்டோம்.

"வண்டு கொட்டைக்குள்ளல்ல இருக்கும்! அதால சதைக்கு அம்புட்டுக் கேடு இல்லய்யா. இது சதையையே தின்னு கூழாக்கிப்புடும்" என்று அவள் சொன்ன விளக்கத்தைக் கேட்டு நண்பர் பூரித்துப் போனார். கொட்டைக்குள் குடியிருக்கும் கூன்வண்டு வேறு, சதையைக் கூழாக்கும் பழ ஈ வேறு என்ற பேதம் படித்தவர்கள் பலருக்குத் தெரியாது. சந்தையில் ஆயுளைக் கழித்த அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

நண்பர் அந்தப் பழத்தை விலைக்கு வாங்கிப் பேனாக் கத்தியால் பிளந்தார். தோலின் மேல் ஊசி முனை அளவில் ஒரு துவாரம். உள்ளே குழைந்துபோன சதை. அதில் வெள்ளை வெளேரென்று நெளியும் புழுக்கள். பெண் ஈ தன் வாலிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் பழத்தின் தோலைத் துளைத்து அடியில் முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழுவாகிறது. ஒரு வாரம், பத்து நாள் விருந்துண்டு கொழுத்த பிறகு புழு பழத்தைவிட்டு வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து கூடாகிறது. கூட்டிலிருந்து மறுபடியும் ஈ. ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. ஆகவே, பருவத்தின் தொடக்கத்தில் பழுக்கும் மாம்பழங்களைவிடக் கடைசியில் பழுப்பவற்றில் புழு அதிகம்.

இந்த ஈக்களில் பல ஜாதிகள் உண்டு. மாவையும் கொய்யாவையும் பற்றுவது ஒன்று. பாகல், புடல், பீர்க்கு முதலிய பந்தல் காய்களைப் பற்றுவது மற்றொன்று. பந்தலில் புடலங்காய் பிஞ்சிலேயே கோணிக்கொண்டு அழுகி விழுவதற்கு இந்த இரண்டாவது பேர்வழி ஒரு முக்கிய காரணம்.

இந்தச் சின்னஞ்சிறு பூச்சி நம் நாட்டின் மானத்தையும் ஒரு முறை கப்பலேற்றியது. நம் நாட்டிலிருந்து 2013-ல் ஐரோப்பாவுக்குப் போன பழங்களிலும் காய்களிலும் 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருப்பதைக் கண்டு, ஐரோப்பிய ஐக்கியத்தைச் சேர்ந்த நாடுகள் 2014 மே மாதம் 1-ந் தேதி முதல் நமது மாம்பழம், கத்தரிக்காய், சேம்பு, பாகற்காய், புடலங்காய் ஆகிய ஐந்துக்கும் கதவைச் சாத்திவிட்டன. வெந்நீரில் நனைத்துப் புழுவைக் கொல்வது போன்ற ஏற்பாடுகளை நாம் செய்து காட்டிய பிறகே, 2015-ல் மாம்பழத்துக்கு மட்டும் கதவு மீண்டும் திறந்தது. ஐரோப்பியர்கள் நம் மாம்பழத்தைத் தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன என்று சிலர் சொல்லலாம். ஆனால் புழு அடித்த பழம் என்று அவர்கள் தள்ளியது நம் குழந்தைகள் தின்னும் பழத்தையுந்தான் என்பதை மறக்கக் கூடாது.

யானைமலை அடிவாரம்

சந்தையிலிருந்து மேலூர்ச் சாலையில் போனால் சிறிது நேரத்துக்கெல்லாம் இடப்புறம் யானைமலை கண்ணில் படுகிறது. துதிக்கையை நீட்டிப் படுத்துக்கொண்ட யானையைப் போலவே இருக்கும் அந்த மலையின் அடிவாரத்தில், ஒத்தக்கடையில், 1965-ல் ஏற்பட்ட விவசாயக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மலையில் நரசிங்கப் பெருமாளின் குடைவரையும் சமணர் சிற்பங்களும் உண்டு. யானையளவு மலையின் காலடியில் ஈயளவு விரோதியைப் பற்றிப் பாடம் நடக்கிறது என்று நினைத்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது.

தென்னாட்டு விவசாயக் கல்லூரிகள் குடியானவர்களுக்குச் சொல்லும் யோசனைகள் எளியவை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழமான குழியில் புதைத்துவிட வேண்டும். கோடையில் மரத்தடியை உழுது மண்ணிலிருக்கும் கூடுகளை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்ட வேண்டும். பொறி வைத்து ஆண் ஈக்களைப் பிடிக்க வேண்டும். இந்தப் பொறியில் வைக்கும் வாசனைப் பொருளுக்கு மீதைல் யூஜினால் என்று பெயர்.

இந்தப் பொருளின் சரித்திரம் சுவையானது. பீஹாரிலுள்ள பூசாவில் அந்நாளில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற ஆங்கிலேயர் பூச்சி ஆராய்ச்சி செய்துவந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கொசுத் தொல்லை பொறுக்காமல் கைக்குட்டையில் சிட்ரொனெல்லா எண்ணெயைத் தடவிக்கொண்டார். கொசு போயிற்று, பழ ஈக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கைக்குட்டையில் மொய்த்துக்கொண்டன! அத்தனையும் ஆண் ஈக்கள். ஹௌலெட் இதை 1912-ல் எழுதி வெளியிட்டார். எண்ணெயில் எந்தப் பொருள் இந்த மாயத்தைச் செய்கிறதென்று ஆராய்ந்து 1915-ல் மீதைல் யூஜினாலைக் கண்டுபிடித்தார். பழ ஈயைப் பிடிக்கப் பல தேசங்களில் இன்று தொங்கும் பொறிகளுக்குப் பிறப்பிடம் நம் பாரத பூமியே. பஸிபிக் சமுத்திரத்திலுள்ள ரோட்டா என்னும் தீவில் இந்த வாசனையோடு விஷத்தையும் கலந்து போட்டு, மாம்பழ ஈயைப் பூண்டோடு ஒழித்த செய்தி 1965-ல் வெளிவந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டு மாடத்திலுள்ள துளசியிலும் இதே பொருள் இருக்கிறது. கசக்கிய துளசி இலையைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து மரத்தில் கட்டினால் ஆண் ஈக்கள் வந்து விழும். பெருமாளுக்கு உகந்த துளசி பழ ஈக்கும் உகந்ததாக இருக்கிறது.

ஆனால் பொறியால் மட்டும் வேலை முடிவதில்லை. ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களோடு கூடக் கூடியது. நூற்றுக்குத் தொண்ணூறு ஆண்களைப் பிடித்துவிட்டாலும் மிஞ்சிய பத்து ஆண்கள் குலத்தை வாழவைத்துவிடும்.

நத்தம் சாலைத் தோப்பு

ஒத்தக்கடையிலிருந்து திரும்பி நத்தம் சாலையைப் பிடித்தோம். 2023-ல் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலத்தின் மேல் நாலரை மைலும் பறந்துபோய் இறங்கினால், ஊர் ஓய்ந்து தோப்புகள் தொடங்குகின்றன. வலப்புறம் அழகர்மலை நீல நிறமாகக் கிடந்தது. சாலையோரத் தோப்பு ஒன்றில் இறங்கி நின்றோம். தோப்புக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். வாத்தியார்கள் என்று தெரிந்ததும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மரத்துக்கு மரம் பொறி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஓர் உதிர்ந்த பழம் கிடையாது. "இவ்வளவு செய்கிறீர்களே, ஈ குறைந்திருக்கிறதா?" என்று கேட்டோம்.

"நான் செய்யுறேன் சார். அந்தா, வேலிக்கு அங்கிட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டினார். அடுத்த தோப்பில் பழங்கள் உதிர்ந்து மெத்தைபோல் அழுகிக் கிடந்தன. "அந்தத் தோப்புக்காரவுக சென்னையில இருக்காக. குத்தகைக்காரரு நல்ல காயப் பறிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. உதுந்ததை யாரு பொறுக்குறது? அங்க பொறந்த ஈ இங்க வருது. ஈக்கு வேலி தெரியுமா, பட்டா தெரியுமா?"

பிரயாணத்தின் சாரத்தையெல்லாம் அவர் இந்த ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார். ஈக்கு வேலியும் தெரியாது, பட்டாவும் தெரியாது. ஒருவர் தம் தோப்பை மட்டும் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது, ஓட்டைப் படகில் தான் உட்கார்ந்த பலகையை மட்டும் துடைத்து வைப்பதற்குச் சமானம்.

"மருந்து அடித்தால் என்ன?" என்று கேட்டோம். "அடிக்கலாம் சார். புழு பழத்துக்குள்ள இருக்கு, கூடு மண்ணுக்குள்ள இருக்கு. மருந்து வெளிய இருக்குற என் மேலயும் தேனீ மேலயுந்தான் படும்" என்றார் அவர்.

மரத்தடிக் கணக்கு

அப்போது நண்பர் ஒரு குச்சியை எடுத்து, மரத்தடி மண்ணையே கரும்பலகையாக்கி ஒரு கணக்குப் போட்டார். தோப்புக்காரரும் குந்தி உட்கார்ந்து கவனித்தார்.

"இந்தச் சுற்றுவட்டத்தில் 1,000 ஆண் ஈயும் 1,000 பெண் ஈயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் ஈ ஒவ்வொன்றுக்கும் 5 பெண் குழந்தைகளும் 5 ஆண் குழந்தைகளும் பிழைக்கின்றன என்று கொள்வோம். சும்மா விட்டால் அடுத்த தலைமுறையில் பெண்கள் 5,000. இப்போது வெளியிலிருந்து 9,000 ஆண் ஈக்களைக் கொண்டுவந்து விடுகிறோம். அவை பார்ப்பதற்கு நல்ல மாப்பிள்ளைகள், ஆனால் மலடு. பத்துப் பெண்களில் ஒன்பதுக்கு மலட்டு மாப்பிள்ளையே வாய்க்கும். தாயாகிறவை 100; அவற்றின் பெண் குழந்தைகள் 500. மறுபடியும் 9,000 விடுகிறோம். இப்போது பத்தொன்பது மாப்பிள்ளைகளில் ஒன்றே நல்லது. தாயாகிறவை 26, குழந்தைகள் 130. மூன்றாம் முறை எழுபதில் ஒன்று நல்லது. தாய் 2, குழந்தைகள் 10. நாலாம் முறை தொள்ளாயிரத்தில் ஒன்று. அத்துடன் வம்சம் அற்றது."

விஷத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். விஷம் ஈ நிறைய இருக்கும்போது நிறையக் கொல்லும். குறைந்த பிறகு, ஒளிந்திருக்கும் கடைசி ஈயைத் தேடிப் போகாது. மலட்டு மாப்பிள்ளையோ பெண்ணைத் தானே தேடிப் போகிறது. ஈ குறையக் குறைய இந்த முறையின் பலம் கூடுகிறது. மேலும், தேனீக்கும் சிலந்திக்கும் மனிதனுக்கும் இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இது வெறும் மண் கணக்கு அல்ல. எக்ஸ் கிரணங்கள் பட்டால் ஈயின் வம்ச வித்தில் மாறுதல்கள் உண்டாகின்றன என்று முல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1927-ல் நிரூபித்தார். அதே நாட்டைச் சேர்ந்த நிப்ளிங், புஷ்லண்ட் என்ற இருவர் இதை ஆயுதமாக மாற்றினார்கள். மாட்டுப் புண்ணில் முட்டையிட்டு மாட்டையே அரித்துக் கொல்லும் ஒரு கொடிய ஈ அவர்கள் நாட்டில் இருந்தது. அதை ஏராளமாக வளர்த்து, கூட்டுப் பருவத்தில் கிரணம் காட்டி மலடாக்கி, 1954-ல் குராசோ என்னும் தீவில் ஆகாய விமானத்திலிருந்து தூவினார்கள். சில மாதங்களில் தீவில் அந்த ஈ இல்லாமற் போயிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஜப்பான் தேசத்து ஒகினாவாத் தீவுகள். அங்கே ஜனங்களுக்குப் பாகற்காய் உயிர். ஆனால் நம் பந்தலைக் கெடுக்கும் அதே ஈ அங்கும் இருந்தபடியால், பாகற்காயைத் தீவைவிட்டு வெளியே அனுப்பக் கூடாதென்று தடை. 1972-ல் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு தீவு, பிறகு அடுத்த தீவு என்று இருபத்தொரு வருஷம் பாடுபட்டு, 5,000 கோடிக்கும் மேற்பட்ட மலட்டு ஈக்களை விட்டு, 1993-ல் அந்த ஈயை ஒகினாவா முழுவதிலும் ஒழித்தார்கள். ஒகினாவாப் பாகற்காய் இப்போது ஜப்பானின் பெருந்தீவுகளுக்குத் தடையின்றிப் போகிறது.

இதைக் கேட்ட தோப்புக்காரர், "ஆணையும் பொண்ணையும் எப்படிச் சார் பிரிப்பாக? அம்புட்டுக் கோடி ஈயில யாரு உக்காந்து பொறுக்குறது?" என்றார். நண்பர், "விஞ்ஞானிகளைப் பல வருஷம் தூங்கவிடாத கேள்வி இதுதான்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளைக் கூடும் கறுத்த கூடும்

பெண் ஈயையும் சேர்த்து விட்டால் இரண்டு கெடுதல். மலட்டுப் பெண்ணும் பழத்தைக் குத்தும். மலட்டு ஆண்களும் ஊரார் பெண்ணைத் தேடாமல் கூடவந்த பெண்ணோடேயே காலத்தைக் கழித்துவிடும். ஆணை மட்டும் விட்டால் பலன் பல மடங்கு.

இதற்கு வழி வம்ச சாஸ்திரத்திலிருந்து வந்தது. மத்தியதரைக் கடற்பக்கத்துப் பழ ஈ ஒன்று உண்டு. நல்ல காலமாக அது நம் நாட்டில் இல்லை. வழக்கமாகப் பழுப்பாக இருக்கும் அதன் கூடு சில சமயம் வெள்ளையாக அமைவதைக் கண்டார்கள். நல்ல மரபணுவை ஆணுக்கே உரிய குரோமோசோமோடு ஒட்டவைத்து, ஆணெல்லாம் பழுப்புக் கூடு, பெண்ணெல்லாம் வெள்ளைக் கூடு என்று இருக்கும்படி ஒரு வம்சத்தை உண்டாக்கினார்கள். பிறகு, வெப்பம் தாங்காத மற்றொரு குணத்தையும் பெண் வம்சத்தில் சேர்த்தார்கள். முட்டைகளை 34 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் பெண் முட்டைகள் மடிந்துவிடும். ஆண் முட்டைகள் பிழைக்கும். வியன்னா நகருக்கு அருகே ஸைபர்ஸ்டார்ப் என்னுமிடத்தில் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான இந்த வம்சங்களைக் கௌதமாலா முதலிய தேசங்களில் கோடிக் கோடியாக வளர்க்கிறார்கள்.

நம் மாம்பழ ஈயிலும் பாகற்காய் ஈயிலும் வெள்ளைக் கூட்டு வம்சங்கள் உண்டு. மூன்று ஜாதிகளிலும் கூட்டை வெளுக்க வைப்பது ஒரே மரபணுவில் ஏற்பட்ட பழுதுதான் என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். கிரிஸ்பர் என்னும் நுட்பமான மூலக்கூற்றுக் கத்தரியால் அதே மரபணுவை ஆஸ்திரேலியப் பழ ஈயில் வெட்டி, அதன் கூட்டையும் வெளுக்கச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பே, 2019-ல், இத்தாலிய விஞ்ஞானிகள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியில், ஆணை ஆணாக்கும் மரபணு எது என்பது மத்தியதரைக் கடல் ஈயில் தெரிய வந்தது. பெண்ணாக வேண்டிய முட்டையில் அதைச் செலுத்தியபோது ஆண் ஈ பிறந்தது! இங்கிலாந்திலுள்ள ஒரு கம்பெனியோ, பெண் குழந்தைகள் மட்டும் வளராமல் மடியும்படி செய்யும் அந்நிய மரபணுவையே ஈயில் புகுத்தியிருக்கிறது.

இவற்றுக்குள் ஒரு பேதம் உண்டு. தானாக நேர்ந்த மாறுதலைப் பொறுக்கி எடுத்து வளர்ப்பது ஒன்று; அந்நிய மரபணுவைப் புகுத்துவது மற்றொன்று. இரண்டாவதை வெளியில் விடுவதானால் நம் தேசச் சட்டப்படி தனி அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். அது நியாயமே.

சமணர்மலையில் அந்தி

தோப்புக்காரரிடம் விடைபெற்று, ஊரைக் கடந்து மேற்கே சமணர்மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கீழக்குயில்குடிக் குளத்தில் தாமரை இலைகள் மூடிக் கிடந்தன. மலைக் குகைகளிலிருந்து வௌவால்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

பழ ஈக்கும் இந்த வௌவாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இருக்கிறது. இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி பல வருஷங்கள் பணியாற்றினார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். ஜெர்மனியில் இருந்தபோது சிறிய டிராஸபிலா ஈ கூட்டைவிட்டு வெளிவரும் வேளையை ஆராய்ந்தார். மதுரையில் இந்தச் சமணர்மலை வௌவால்களை ஆராய்ந்தார். இருட்டுக் குகையில் அடைபட்ட வௌவால்கூட, தன் கூட்டத்தார் போவதையும் வருவதையும் கொண்டே வேளையை அறிந்துகொள்கிறதென்று அவரும் அவருடைய மாணவர்களும் 1981-ல் வெளியிட்டார்கள்.

மாம்பழ ஈயும் பாகற்காய் ஈயும் கூடுவது அந்தி வேளையில்தான். ஆலையில் வளரும் ஈக்களில் சீக்கிரம் வளர்பவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தால், அவற்றின் உள்கடிகாரம் முந்திக்கொள்கிறது. கூடும் வேளையும் மாறிவிடுகிறது. இது ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்ட உண்மை. முகூர்த்தம் தப்பி வந்த மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒகினாவாவில் மலட்டு ஆண்களை ஏற்காத பெண் ஈக்களும் தோன்றின. ஆகவே, எண்ணிக்கையில் மட்டும் ஜயம் இல்லை. வளர்க்கும் ஈ காட்டு ஈயைப் போலவே பறக்க வேண்டும். அதே வேளையில் அதே கிளையில் போய் உட்கார வேண்டும். மீதைல் யூஜினாலை உண்ட மாம்பழ ஈ ஆண்களுக்குப் பெண்களிடம் மதிப்புக் கூடுகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். பூசாவில் கண்ட வாசனை இங்கே மாப்பிள்ளை அலங்காரமாகப் பயன்படுகிறது.

கண்மாய் சொல்லும் பாடம்

இவ்வளவும் இருக்க, நம் சீமையில் மலட்டு ஈயை ஏன் இன்னும் காணோம்? பணமும் ஆலையும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கும் முந்தி ஒன்று வேண்டும். அதை நம் நாட்டுச் சரித்திரமே கற்பித்திருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, அமெரிக்கப் பண உதவியுடன், 1969-ல் டில்லியில் ஒரு பிரிவை ஏற்படுத்தின. மலட்டுக் கொசுக்களை விட்டுக் கொசுவை அடக்குவது அதன் வேலை. நல்ல நோக்கந்தான். ஆனால் என்ன செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள் என்பது ஜனங்களுக்குத் தெளிவாகவில்லை. பத்திரிகைகளிலும் பார்லிமெண்டிலும் சந்தேகங்கள் கிளம்பின. ஸோனிபத் ஊரில் பெரிய பரீட்சை தொடங்கும் தறுவாயில், 1975-ல், திட்டமே நின்றுபோயிற்று. சந்தேகம் முழுதும் நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் ஜனங்களின் வீட்டு வாசலில் எதையும் பறக்கவிட முடியாது என்பது நிச்சயம்.

இந்த நம்பிக்கையையும் ஒத்துழைப்பையும் எங்கே தேடுவது? நாம் வந்த வழியிலேயே அதற்கு விடை கிடந்தது. மதுரைச் சமவெளி கண்மாய்களின் பூமி. கண்மாய் ஒருவர் வெட்டியதல்ல, ஒருவர் காப்பதும் அல்ல. மடையைச் செப்பனிடவும் வரத்துக் கால்வாயில் மண் அள்ளவும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்பது முன்னோர் வழக்கம். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அந்நியர் ஆட்சியில் அந்த வழக்கத்தை 1858-ல் கட்டாயச் சட்டமாக்கியபோதிலும், சட்டத்தால் அதற்கு உயிர் வரவில்லை. ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் கண்மாய்கள் தூர்ந்துதான் போயின. 2017-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அதே பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது பலருக்கு அந்தப் பழைய சொல் நினைவுக்கு வந்தது.

பழ ஈயும் கண்மாய் மாதிரிதான். ஒருவர் கரையை உயர்த்தி, அடுத்தவர் கரையை உடைய விட்டால் இருவர் வயலும் போகும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது, பொறி வைப்பது, ஈயை எண்ணிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஓர் ஊர் முழுதும், பிறகு நத்தம், மேலூர், வாடிப்பட்டி என்று ஒரு வட்டாரம் முழுதும் சேர்ந்து செய்ய வேண்டும். ஈயின் எண்ணிக்கை இப்படித் தாழ்ந்த பிறகுதான் நண்பரின் மண் கணக்குப் பலிக்கும். மலட்டு ஈ வானத்திலிருந்து வந்து சோம்பேறிகளைக் காப்பாற்றிவிடாது. காவல் தளர்ந்தால் வெற்றியும் தங்காது: பனாமா வரையில் விரட்டப்பட்டிருந்த அந்த மாட்டு ஈ மீண்டும் வடக்கே பரவி 2024-ல் மெக்ஸிகோவை எட்டிவிட்டது.

நமக்கு விஞ்ஞானிகள் உண்டு; கல்லூரி உண்டு; அணுக் கிரணத்தைக் கையாளத் தெரிந்த ஸ்தாபனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தை மூதாட்டியும் தோப்புப் பெரியவரும் இருக்கிறார்கள். ஒருவருக்குப் புழுவின் ஜாதி தெரிந்திருக்கிறது. மற்றவருக்கு ஈயின் சுபாவம் தெரிந்திருக்கிறது. இவர்களைக் கூட்டி வைத்து, மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, பிறகு வேலையைத் தொடங்கும் ஸ்தாபனத்துக்கு மதுரைச் சீமை கதவைத் திறக்கும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

அதுவரையில் நம் நேயர்கள் செய்யக்கூடிய கைங்கரியம் ஒன்று உண்டு. புழு அடித்த மாம்பழத்தை வீட்டுக் கொல்லையிலோ தெருக் குப்பையிலோ எறியாதீர்கள். ஒன்றரை முழம் ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நின்றதும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.